இரேனாவின் சைக்கிள் ஊரிலேயே நிற்கிறது

மார்ச் 11, செவ்வாய்

உர்ஷா இப்போதுதான் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பிள்ளைக்கு எட்டு மாதமாகிறது, இன்னும் எனக்கு இந்தப் புத்தி போகவில்லை.

சாயங்காலம் இரேனா வந்திருந்தாள். என் கணவன் தாம்யானின் சைக்கிள் சங்கத்துத் தோழி, பல் டாக்டரிடம் நர்ஸ். வயது நாற்பத்தாறு, வாய்க்கு மட்டும் பதினாறு. ஏப்ரலில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போவது பற்றியே பேச்சு. அந்த மலை, இந்த வளைவு, சைக்கிளை எப்படிப் பிரித்துப் பெட்டியில் அடைப்பது. பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன், "அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாமே. நல்ல சைக்கிளா கிடைக்குதாமே."

"வாடகை சைக்கிளா?" என்றாள் இரேனா. "பொண்ணே, அது அடுத்தவங்க பல்செட்டை மாட்டிக்கிட்டு ஆப்பிள் கடிக்கிற மாதிரி. கடிக்கலாம். ருசி தெரியாது."

தாம்யானுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "என் சைக்கிளுக்கு என் கை தெரியும். இறக்கத்துல நான் நினைக்கிறதுக்கு முன்னாடி அது திரும்பிடும்" என்றான்.

அந்த இறக்கம்தான் எனக்குப் பயம். போன அக்டோபரில் முழங்கை கிழிந்து இரத்தத்தோடு வந்து நின்றானே — கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அந்தச் சைக்கிளை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பொய் சொல்லிவிட்டேன்.

பிரசவ விடுப்பில் வீட்டில் இருக்கிறேன் என்று டிக்கெட் வேலையெல்லாம் என் தலையில். விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். எல்லை தாண்டி வெனிஸிலிருந்து போகிற விமானத்தில் சைக்கிளுக்கு இடம் இருக்கிறது, எத்தனை பெட்டி என்று கேட்டாள் அந்தப் பெண். "வேண்டாம்" என்றேன். தாம்யான் வந்ததும், இடம் முடிந்துவிட்டதாம் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்!

தள்ளுவண்டி, தொட்டில், கார் இருக்கை, டயபர் மூட்டை. இதற்கு மேல் சைக்கிள் பெட்டியும் எப்படித் தூக்குவது? நியாயம்தானே. இதை அவனிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் "நான் தூக்கறேன்" என்பான். உண்மையான காரணம் வேறு. பழக்கமில்லாத சைக்கிள் என்றால் மெதுவாகப் போவான்.

ஆனால் இரேனாவை மறந்துவிட்டேன். அவளுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட். நான் வாயைத் திறப்பதற்குள் தாம்யான் அவளுக்குப் போன் போட்டுவிட்டான்.

மார்ச் 15, சனி

இரண்டு வருஷத்துக்கு முன் இரேனா தன் வீட்டு வாசலில் பனியில் வழுக்கித் தொடை எலும்பு முறித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கால் ஒரு விரற்கடை குட்டை. அவள் சைக்கிளில் இடப்பக்கம் மட்டும் பெடலைப் பிடித்திருக்கும் கை சின்னது. அவளுக்கென்றே செய்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். நேற்றும் தெரியும்.

அவள் இந்தப் பயணத்தைக் கேட்டதே அங்கே ஸ கலோப்ரா மலைப்பாதை ஏறத்தான். கடல்வரை இறங்கி, அதே வழியில் மலையேறித் திரும்ப வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் சுவரில் அந்தப் பாதையின் படத்தை ஒட்டி வைத்திருந்தாள்.

வேறு விமானம் பார்க்கலாமா என்று கேட்டாளாம். பணம் திரும்ப வராது என்றானாம் தாம்யான்.

இன்றைக்கு அவளே கூப்பிட்டாள். "கவலைப்படாதே பொண்ணே. என் சீட்டையும் பெடலையும் கழட்டி எடுத்துட்டு வரேன். பல்செட்டுல ரெண்டு பல்லாவது என்னோடதா இருக்கட்டும்."

இப்போதுகூடச் சொல்லலாம். நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 22

சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மயோர்க்காவின் பால்மா விமான நிலையத்தில் பெட்டிகளுக்காக நின்றுகொண்டிருந்தோம். எங்கள் விமானத்தில் வந்த இத்தாலியர்கள் சைக்கிள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எனக்குக் காது சுட்டது. குனிந்து உர்ஷாவின் சாக்ஸைச் சரிசெய்தேன். சாக்ஸ் சரியாகத்தான் இருந்தது.

"பாரேன், இவங்களுக்கெல்லாம் கிடைச்சிருக்கு" என்றாள் இரேனா.

"முன்னாடியே புக் பண்ணியிருப்பாங்க. தார்யா எத்தனை தடவை போன் போட்டா தெரியுமா? அவ விடமாட்டா" என்றான் தாம்யான்.

நான் ஒரே ஒரு தடவைதான் போட்டேன். அவனாகச் சேர்த்துக்கொண்டான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஏப்ரல் 4, வெள்ளி

நாங்கள் தங்கியிருக்கும் போயென்சா துறைமுகத்தில் வாடகைக் கடை. வரிசையாகக் கறுப்புச் சைக்கிள்கள், எல்லாம் போன மாதம் வாங்கியவைபோல. கடைக்காரர் பெயர் தொமெயு. தாம்யானின் உயரத்தைப் பார்த்துச் சீட்டை ஏற்றிக் கொடுத்தார். தாம்யான் ஒரு சுற்று போய் வந்து, "என்னோடதை விட நல்லா இருக்கே!" என்றான், துரோகம் செய்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

இரேனாவின் முறை. பெடலுக்கான சின்னக் கை கடையில் இல்லை. அவள் ஷூவுக்கடியில் ஒரு தகட்டை வைத்துப் பார்த்தார். பெடலைச் சற்று வெளியே தள்ளிப் பார்த்தார். கடைசியில், "உங்க சைக்கிளைக் கொண்டு வந்திருக்கணும், அம்மா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"விமானத்துல இடமில்லையாம்" என்றாள் இரேனா.

நான் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 5, சனி

கலங்கரை விளக்கம்வரை போகக் கிளம்பினார்கள். பாதி வழியில் இரேனா திரும்பி வந்துவிட்டாள். இடது முழங்கால் ரொட்டி மாவுபோல் உப்பியிருந்தது. பால்கனியில் உட்கார்ந்து ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன். "உனக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு" என்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

தாம்யான் தனியாக ஸ கலோப்ரா போனான். கீழே கடற்கரையிலிருந்து படம் அனுப்பினான். திரும்பி வந்து வாய் ஓயாமல் பேசினான். இந்தச் சைக்கிளில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதாம், அதனால் இறக்கத்தில் இன்னும் வேகமாக விட முடிந்ததாம்.

இன்னும் வேகமாக! இதற்காகத்தானா இத்தனையும்?

அவன் போயிருந்த நேரம் முழுக்க இரேனாதான் உர்ஷாவைப் பார்த்துக்கொண்டாள். "நீ போய்த் தூங்கு. நான் சும்மாதானே இருக்கேன்" என்றாள். தூங்கிவிட்டேன். எழுந்து வந்தால் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார்கள், பிள்ளையின் வாய், கழுத்தெல்லாம் சாறு. இரேனாவின் கால் நீட்டியபடி, துணி சுற்றி.



ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் கடலோரம் நடந்தோம், தள்ளுவண்டியை இரேனா தள்ளிக்கொண்டு வந்தாள். அடுத்த வருஷம் ஜனவரியிலேயே இடம் பிடித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவை நீ பாவம் எவ்வளவு அலைஞ்சே" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நான் அலையல. இடம் இருந்துச்சு, இரேனா. நான்தான் வேண்டாம்னேன்."

"எதுல இடம்?"

"விமானத்துல. சைக்கிளுக்கு."

ஏன் என்று கேட்டாள். அக்டோபர், இரத்தம், இறக்கம் எல்லாம் உளறினேன். உங்களை நினைக்கவே இல்லை என்றேன். அதுதான் இருக்கிறதிலேயே மோசம் என்று சொல்லும்போதுதான் தெரிந்தது.

அவள் தள்ளுவண்டியின் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். பிள்ளை சரியாக இருக்கிறாளா என்று ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு கைப்பிடியை என் பக்கம் விட்டாள்.

"அவன்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கவும் மாட்டேன்."

முன்னால் நடந்து போனாள், நொண்டி நொண்டி. நான் பின்னாலேயே போகவா, நிற்கவா? நின்றேன்.

மத்தியானம் தாம்யானிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"இரேனாவுக்குத் தெரியுமா?"

"காலையில சொன்னேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ஓட்டத்தான் போகிறான் என்று இருந்தேன். நடந்து திரும்பி வந்தான். வாடகை இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருக்கையிலேயே கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"அவ ஓட்ட முடியாதப்போ நான் எப்படி ஓட்டறது?" என்றான்.

ஆக, அவன் இனி இங்கே இறக்கத்தில் போகமாட்டான். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 10

ஊர் திரும்பினோம். விமானத்தில் இரேனா ஜன்னலோரம், நடுவில் யாரோ ஒருவர், பிறகு நாங்கள். உர்ஷா அவள் பக்கம் கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டாள். இரேனா விரலைக் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மே 4, ஞாயிறு

தாம்யான் நல்லபடியாகத்தான் இருக்கிறான். பாத்திரம் கழுவுகிறான், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறான். ஆனால் வெள்ளிக்கிழமை தடுப்பூசி இல்லையாம், தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்றேன். "அவங்க சொன்னாங்களா, நீயா சொல்றியா?" என்றான். கேட்டுவிட்டு அவனே முகம் சுருங்கிப் போனான். நான் டாக்டரிடமிருந்து வந்த செய்தியைத் திறந்து காட்டினேன். காட்டாதே, வேண்டாம் என்றான். ஆனால் பார்த்தான்.

மே 25, ஞாயிறு

இரேனா தன் சைக்கிளில் இங்கே நம் மலையில் வெர்ஷிச் கணவாய் ஏறிவிட்டாளாம். தாம்யான் கூடப் போயிருந்தான். உச்சியில் அழுதாளாம். அவன் இதைப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டு கேட்டேன்.

வாழ்த்துச் சொல்லிச் செய்தி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். அனுப்பவில்லை. வாழ்த்த எனக்கு என்ன இருக்கிறது?

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். தாம்யான் உர்ஷாவைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தான். நான் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தேன். வாசல் கதவருகே பிரேக் சத்தம். இரேனா. ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றதைப் பெடலிலிருந்து எடுக்காமல் நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

"தாம்யான் வீட்டில இல்ல" என்றேன்.

"தண்ணி தீர்ந்துடுச்சு" என்றாள். புட்டியைக் கதவுக்கு மேலாக நீட்டினாள்.

உள்ளே வரச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சில்லென்று வந்த பிறகு பிடித்தேன். அவள் அங்கேயே பாதிவரை குடித்தாள்.

மறுபடியும் புட்டியை நீட்டி, "நிரப்பிக் கொடு, இன்னும் போகணும்" என்றாள்.

நிரப்பிக் கொடுத்தேன்.