கழுவிவிட்ட கொட்டகை

செவ்வாய், இரவு.

முத்தாண்டிக்குப்பத்தில் ஏழுமலையின் பன்றிக்குட்டிகள் அத்தனையும் மூன்றே நாளில் கழிச்சலில் செத்துவிட்டன. காரணம் கொரோனா வகைக் கிருமியா என்று ஆராய, மல மாதிரி எடுக்கப் போனேன். கொட்டகை பளபளத்தது. எங்கும் பிளீச்சிங் பவுடர் நெடி.

"டாக்டர் வர்றீங்கன்னு விடிஞ்சதுலேர்ந்து கழுவிக்கினு இருந்தேங்க."

"செத்த குட்டிங்க?"

"சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சிட்டேங்க. நீங்க வர்ற எடம் நாறலாமா?"

என் ஆராய்ச்சிக்கு இதுவரை யாரும் இவ்வளவு மரியாதை செய்ததில்லை. மாதிரிக்கு ஒரு துளியும் மிஞ்சாமல், காலிக் குப்பிகளோடு நின்றேன்.

"இன்னொரு தாய்ப்பன்னி வெள்ளிக்கெழம குட்டி போட்ரும். அதுங்களாவது பொழைக்கணும். என்னா நோவுன்னு சொல்லுங்க."

"மறுபடி கழிஞ்சா கழுவாதீங்க. உடனே கூப்பிடுங்க" என்றேன். பணிவாகத் தலையாட்டினார்.

குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, பிறக்கப்போகும் அந்தக் குட்டிகளுக்கும் நோய் வந்தால்தான் எனக்குப் பதில் கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்கான குப்பிகளை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.