பலகையில் நம்ம வீட்டுப் பேச்சு

குவைத்தில் இருக்கும் என் தங்கத்துக்கு, பிலிமத்தலாவையிலிருந்து அம்மா எழுதுவது.

உன் மகள் மிதுஷா பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டாள்! எட்டு மாதமாக வாயே திறக்காத பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றச் சொன்னார்களே, இனி அந்தப் பேச்சே இல்லையாம்.

எல்லாம் புதிதாக வந்த றிப்தா டீச்சரால்தான். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வீட்டில் நடந்ததைப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்கிறார். அவர்கள் சொன்னதை அப்படியே பலகையில் எழுதி, அதையே வாசிக்கப் பழக்குகிறார். நேற்று நான் கூட்டிவரப் போனபோது மிதுஷா விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்:

"எங்க அம்மாயி ரொட்டிய கருக்கிப்புட்டு அடுப்ப ஏசுச்சு."

அம்மாயி என்று என்னைத்தான் சொல்கிறாள். வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், மகளே! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இவ்வளவு நல்லா பேசுறீங்களே, ஏன் புள்ள இத்தன நாளா பேசல?" என்று டீச்சர் கேட்டார்.

"தோட்டத்துப் பேச்சு பேசுனா டவுன் புள்ளைங்க சிரிக்கும், வாய மூடிக்கிட்டு இருன்னு அம்மாயிதான் சொன்னுச்சு."

உண்மைதான். மடுல்கெல்லை தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த டவுனுக்கு வந்த அன்றைக்குச் சொன்னேன். பிள்ளைக்கு என்ன கோளாறோ என்று நீ அழுதபோதும் நான் மறைத்துவிட்டேன். இதைப் போனில் சொல்லத் தைரியம் வராமல்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

ரொட்டி கருக்கிய
உன் அம்மா