தறிச் சத்தத்துக்கு மேலே

எட்டுத் தறி ஓடும்போதும் ரோடு வரைக்கும் கேட்கிற குரல் வைத்திருந்த என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆச்சு. ராஜபாளையம் பூரா உனக்கு நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கோம். சித்தப்பா எழுதிக் கொடுத்த வாசகம் என்ன தெரியுமா? 'அதிர்ந்து பேசாத அன்பு உள்ளம்.' தறிக்காரங்க அத்தனை பேரும் சிரிச்சாக. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நீ இருந்தவரைக்கும் உன்னைய 'பஜாரி'ன்னு சொன்ன வாய்தானே அது?

பேண்டேஜ் துணி நெய்யிற நம்ம தறி செட்டுக்குள்ள மெதுவாப் பேசினா யாருக்குக் கேட்கும்? சித்தப்பாவும்தான் கத்துவார். அவருக்குப் பேர் 'கறார் மனுசன்'. நான் கத்தினா அதுக்குப் பேர் 'நிர்வாகம்'. இத்தனைக்கும் எனக்கு அறுந்த நூலை முடியக்கூடத் தெரியாது.

சேதிக்கு வாரேன். நீ பழக்கின முத்துமாரி, அதான் சேத்தூர்ல இருந்து பஸ்ஸில் வருவாளே, அவதான் ஒரு வருசமா செட்டை ஓட்டுதா. போன வாரம் ஈர நூல் மூட்டையை இறக்கின லாரிக்காரனை, "ஏலே, திருப்பி ஏத்துலே!"ன்னு விரட்டினா. இல்லேன்னா அம்புட்டும் பூஞ்சை பிடிச்சிருக்கும்.

அன்னைக்கே உன் இடத்துக்கு சூப்பர்வைசர் போட பங்காளிகள் கூடினோம்.

"பொம்பளைக்கு இம்புட்டு வாய் ஆகாதுப்பா. நம்ம மாப்பிள்ளையைப் போடுவோம்"னார் சித்தப்பா. அவர் மகளைக் கட்டினவரைத்தான் சொல்லுதார்.

மாப்பிள்ளைக்குத் தறியைப் பத்தி என்ன தெரியும்னு நான் கேட்டிருக்கணும். ஆனா அந்த மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வாங்கிட்டு வந்த பால்கோவா என் வாய் நிறைய இருந்துச்சு. தலையை ஆட்டித் தொலைச்சேன்.

வெளியே முத்துமாரி நின்னுக்கிட்டிருந்தா.

"அவிய என்னைய வாய்க்காரின்னப்போ நீங்க என்ன சொன்னீக அண்ணாச்சி?"

"ஒண்ணும் சொல்லலைம்மா."

"எம்புட்டு நல்லவுக! திங்கக்கிழமை மாப்பிள்ளையே வந்து தறியை ஓட்டட்டும். நான் வாரலை."

மாப்பிள்ளையோட நியமனக் கடிதத்துல என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது இல்லாம செல்லாது. போடமாட்டேன் அக்கா. நாளைக்குத் திங்கக்கிழமை. காலையிலேயே போய், முத்துமாரிதான் சூப்பர்வைசர்னு மேஜையைத் தட்டிக் கத்தப் போறேன். இதுல வீரம் ஒண்ணும் இல்லை. நான் கத்தினா, 'ஆம்பளைன்னா இப்படில்ல இருக்கணும்'னு சித்தப்பாவே மெச்சிக்கிடுவார். அந்தக் கேடுகெட்ட சலுகை ஒரு தடவையாவது அவளுக்கு உதவட்டும்.

இப்படிக்கு,
'கொஞ்சம் மெதுவாப் பேசேன், மானம் போகுது'ன்னு ஊருக்கு முன்னாடி உன்னைய அதட்டின
உன் தம்பி