நாலு விரல் இடைவெளி

அன்பு வாண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், வண்டியும் நலம். இந்த மூன்றில் இரண்டு கொஞ்ச நாள் முன்புவரை நலமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதற்கென்ன காசா பணமா. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். செய்தியாக அனுப்பலாம் என்றால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கிறது, அவர்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறார். அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல இந்தத் தையல் அறையும் ஒரு தாளும்தான் எனக்குக் கதி. இப்போது மத்தியானம், அவர் உள்ளே தூங்குகிறார். ஒரு வீட்டுக்காரம்மா கேட்ட வெள்ளைத் திரைத்துணி மேஜை முழுக்கக் கிடக்கிறது, ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து அறையே பாலில் மிதப்பது போல இருக்கிறது, எனக்கும் கண் சொக்குகிறது. அங்கங்கே வழி மாறிப் போனால் பொறுத்துக்கொள்.

அப்பா பெயர்ப்பலகை எழுதும்போது ஏணியிலிருந்து விழுந்தது, முதுகில் ஆபரேஷன் ஆனது எல்லாம் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீச்சல் குளத்தில் இறங்கிப் பயிற்சி செய்யச் சொன்னார்கள் என்பதும் தெரியும். தெரியாதது என்னவென்றால், அவருக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. வாழ்நாளில் வாளித் தண்ணீரைத் தாண்டாத மனிதர், மல்லாந்து படுத்து மிதக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். நான் ஓரத்தில் உட்கார்ந்து திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருப்பேன், மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் இறங்கி அவர் வயிற்றின் மேல் அலை அலையாக ஓடும், பார்க்கப் பார்க்க எனக்கே உடம்பு லேசாகிவிடும். "தண்ணிக்குள்ள இருக்கும்போது எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோகுது" என்றார் ஒரு நாள். அப்படிச் சொன்னவர் கொஞ்ச நாளில் போக மாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். தண்ணீர் குளிர்கிறது என்றார், தொப்பி அரிக்கிறது என்றார், பக்கத்தில் நீந்தும் அம்மாள் உதைக்கிறார் என்றார். உன் அப்பாவுக்குச் சாக்குக்கா பஞ்சம். சோம்பல் என்று நினைத்து நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் பயிற்சி கொடுக்கிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்போது விட்டால் இடுப்பு அப்படியே இறுகிவிடும், பிறகு காலத்துக்கும் குனிய முடியாது, ஊன்றுகோலும் கையை விட்டுப் போகாது என்று சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரிய வந்தது யாருடைய சாமர்த்தியத்தாலும் இல்லை, என் தூக்கத்தால். நம் காரின் அடியில் ஏதோ கடகடவென்று சத்தம் வருகிறது என்று சத்தியத்திடம் கொண்டுபோயிருந்தேன். நம் மெக்கானிக்குக்கு நீ வைத்த பெயர்தான், இப்போது தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது, அவரும் இன்னும் வாக்கியத்துக்கு ஒரு சத்தியம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார். ஓட்டிப் பார்த்தால்தான் சத்தம் பிடிபடும் என்று அவர் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். அப்பாவால் நேராக உட்கார முடியாது என்று அந்த சீட்டைச் சாய்த்தே வைத்திருந்தோம், நிமிர்த்தச் சோம்பல்பட்டு நானும் அப்படியே சாய்ந்துகொண்டேன். படுத்தபடி போனால் நம் தெருவே வேறு தெருவாக இருக்கிறது வாண்டு. வீடுகள் எல்லாம் இல்லாமல் போய்விடுகின்றன. மரத்து உச்சி, மின்கம்பி, கம்பிமேல் ஒரு காக்கை, பிறகு வெறும் வானம், எல்லாம் கண்ணாடியில் மெல்ல வழிந்து போகிறது. எனக்குக் கண் மூடிக்கொண்டு வந்தது, அந்த நேரம் பார்த்து வேகத்தடை. என் முதுகெலும்பில் யாரோ உலக்கையால் குத்தியது போல ஒரு இடி. ஓட்டுகிறவருக்குப் பள்ளம் முன்கூட்டியே தெரிகிறது, உடம்பு தானாக இறுகித் தயாராகிவிடுகிறது. படுத்திருப்பவருக்கு வானம்தான் தெரியும், பள்ளம் நேரே முதுகில் வந்துதான் சொல்லும். குளத்துக்குப் போகிற சாலையில் எத்தனை மேடு பள்ளம் என்று உனக்கே தெரியும். தண்ணீரில் இறக்கி வைத்த வலியையெல்லாம் வீட்டுக்கு வருவதற்குள் இந்த வண்டி திரும்ப ஏற்றிவிட்டிருக்கிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறார், நான் பாட்டுக்கு யார் வீட்டு ஜன்னல் கோணல் என்று கதை பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

சத்தியம் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வண்டி தாழ்வாகத் தெரிவதற்காக நீ மாற்றிப் போட்ட ஸ்பிரிங் குட்டை, விறைப்பும் ஜாஸ்தி, அதோடு மல்லுக்கட்டியே குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பர் நான்கும் செத்துவிட்டன, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடி ரப்பரில் போய் இடிக்கிறது என்றார். நேரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம், இதை ஏன் சொல்லவில்லை, மாற்றிவிடலாமே என்றேன். அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "அவ முதல் சம்பளத்துல ஆசையா போட்டது. திரும்பி வந்து பாக்கும்போது வண்டி அப்படியே இருக்கணும்" என்றார். உனக்கு நினைவிருக்கிறதா, அதைப் போட்ட அன்று நீ டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டி, ஒரு விரல்தான் போகணும், அதுதான் அழகு என்று அவரையும் விடச் சொன்னாய். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த யாரையாவது அவர் விட்டிருக்கிறாரா, வாசலிலேயே குனிய வைத்து விரல் அளவு காட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார். ஸ்பிரிங்கும் பெண்ணும் ஒன்றா என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இனி இவரிடம் கேட்டு ஆகாது, செய்துவிட்டுத்தான் மறுவேலை என்று அப்போதே முடிவு பண்ணினேன்.

உனக்கு ஒரு வார்த்தை சொன்னால் நீயே பணம் அனுப்பி, உலகத்திலேயே ஒசத்தியான சாமானாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருப்பாய், அதனால்தான் சொல்லவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். என் கையில் ஒரு வீட்டுத் திரை வேலைக்கு வந்த பணம் இருந்தது, அதற்குள் முடிக்கவேண்டும், தினமும் நான் துணியும் கம்பியும் ஏற்றிக்கொண்டு நான்கு வீடு ஏறி இறங்குகிற வண்டி. சத்தியம் முதலில் உயரமும் விறைப்பும் நாமே திருகி வைத்துக்கொள்கிற ஒரு செட்டை எடுத்துக் காட்டினார், சிவப்பு வர்ணம், நகைக்கடைப் பெட்டியில் வைப்பது போல வைத்திருந்தார். சத்தியமாக உங்க பெண்ணே இதைத்தான் சொல்லும் என்றார். சொல்வாய்தான். அதைப் போட்ட ஒரு வண்டி அங்கே நின்றது, சீட்டைச் சாய்த்துப் படுத்து ஒரு சுற்றுப் போய் வந்தேன். இருப்பதிலேயே மெத்தென்று திருகி வைத்தும் சின்னக் கல்லெல்லாம் முதுகில் எண்ண முடிந்தது, இதிலேயே விலை குறைந்தது இப்படித்தான் இருக்கும் என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். அடுத்து, இருப்பதிலேயே மலிவான ஷாக் போட்ட இன்னொரு வண்டி. அது ஓடம். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிவிட்டு, அடுத்த பள்ளம் வரும்வரை ஆடிக்கொண்டே இருந்தது, எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. பட்டறையில் அவர் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு, ஒரு அம்மா வண்டி வண்டியாகப் படுத்துப் பார்க்கிறாரே என்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். சத்தியத்திடம் என் வேலையை வைத்தே சொன்னேன், நல்ல திரை காற்று வந்தால் ஒரு தடவை எழும்பும், அப்படியே வந்து படியும், படபடவென்று அடித்துக்கொள்ளாது, தகரம் மாதிரி விறைத்தும் நிற்காது, எனக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று.

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, அப்படியானால் வண்டியோடு வந்த பழைய உயரத்துக்கே போய்விடலாம், அதற்கென்றே வெளிக் கம்பெனி செய்கிற நடுத்தர விலை ஷாக் நான்கு போட்டால் போதும், ஆனால் வண்டியோடு வந்த ஸ்பிரிங் இந்த வயசு வண்டிக்கு இப்போது கிடைக்காதே, கிடைத்தாலும் உங்கள் பணம் அதற்கே போய்விடுமே என்றார். அது எப்படி இருக்கும் என்று கேட்டேன். கையால் காற்றில் சுருள் சுருளாகச் சுற்றிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீ கழற்றிப் போட்ட அன்று, அம்மா இது இனி உதவாது, துணி உருளை நிறுத்த வைத்துக்கொள் என்று கொடுத்தாயே, அந்த நான்கு கம்பிச் சுருளும் இத்தனை வருஷமாக என் தையல் அறை மூலையில் ஆளுக்கொரு துணி உருளையைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன, ஒன்றுக்கு நான் லேஸ்கூடச் சுற்றி வைத்திருந்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. சத்தியம் வந்து துரு இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு, மெத்தை மாதிரி அறையில் சும்மா நின்றதால் புதுசாகவே இருக்கிறது என்றார், லேஸைத் தயங்கித் தயங்கிக் கழற்றி என் கையில் கொடுத்தார். மிச்சமான பணத்தில் அடியில் மூட்டுக்கு மூட்டு தேய்ந்துபோயிருந்த ரப்பர் புஷ் எல்லாம் மாற்றச் சொன்னேன். "சத்தியமா சொல்றேன்க்கா, ஷாக்க மட்டும் மாத்திட்டு புஷ்ஷ விட்டா, முள்ளு தைச்ச கால்ல புதுச் செருப்பு போட்ட மாதிரி" என்றார். சக்கரத்தின் கோணமும் சரிபார்த்துக் கொடுத்தார்.

அப்பாவிடம் சத்தம் வந்தது, சரிபண்ணினேன் என்று மட்டும் சொல்லி, ஒரே ஒரு தடவை குளத்துக்கு வாருங்கள், பிடிக்காவிட்டால் இனிக் கூப்பிட மாட்டேன் என்றேன். வாசலுக்கு வந்தவர் வண்டியைப் பார்த்தபடி நின்றார். அவருக்கா தெரியாது. அப்போது அவரால் குனிய முடியாது, ஊன்றுகோலின் நுனியைத் தூக்கி டயருக்கு மேலே இருக்கும் இடைவெளியில் விட்டுப் பார்த்தார். அது தாராளமாகப் போனது. என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். ஏறிப் படுத்துக்கொண்டார். முதல் வேகத்தடை வருவதற்கு முன்பே கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், பாவம், வழியை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார். வண்டி எழும்பியது, படிந்தது, அவ்வளவுதான். அடுத்ததிலும் அப்படியே. கை மெல்ல இறங்கி மடிக்கு வந்தது. "அவகிட்ட சொல்லிடாதே" என்றார்.

திரும்பி வரும்போது தலை ஈரத்தோடு தூங்கிப்போய்விட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை இல்லாமல் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மர நிழல் அவர் முகத்தின் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலில் தூங்க மாட்டாய், வண்டி ஓடினால்தான் தூங்குவாய், நின்றால் கத்துவாய். அப்பா உன்னை என் மடியில் போட்டு ஊரெல்லாம் சுற்றுவார், நம் வீட்டு வாசலை நிற்காமல் கடந்து கடந்து போவார். எனக்கு அது நினைவுக்கு வந்து கண் நிறைந்துவிட்டது. வீடு வந்தது, நான் நிறுத்தவில்லை. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு, பள்ளிக்கூட மைதானம், திரும்ப நம் வாசல். ஒரு வழியாகக் கண் விழித்து, வீடு வந்துவிட்டதா என்றார். இன்னும் இல்லை என்றேன்.

இப்போது குளத்துக்குத் தவறாமல் போகிறார், பயிற்சிப் பெண்ணுக்கும் சந்தோஷம். ஆனால் நீ போன் பண்ணி வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய் பார், நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசுவதில்லை. வீடியோவில் கூப்பிட்டால் வாசல் பக்கம் போனைத் திருப்பவே மாட்டேன் என்கிறார். உன்னுடையதை எடுத்துவிட்டோம் என்று அவருக்கு உறுத்துகிறது. அதனால் நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். அடுத்த தடவை பேசும்போது, உனக்கே தோன்றியது போல, அப்பா அந்தக் குட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், பழசே போட்டுவிடுங்கள் என்று சொல். நீ சொன்னால் கேட்பார். என் சொல்லைக் கேட்கிறவராக இருந்தால் அந்த ஏணியில் ஏறியிருக்கவே மாட்டார். உன் ஸ்பிரிங் நான்கும் பத்திரம், என் துணி உருளைகள் இப்போது அதில்தான் நிற்கின்றன, குட்டையாக இருப்பதால் கொஞ்சம் சாய்ந்து நிற்கின்றன, பரவாயில்லை. உன் அறை ஜன்னலில் திரை இல்லாததை வீடியோவில் பார்த்தேன், நீள அகலம் அளந்து அனுப்பு, மறந்துவிடாதே. நல்ல தூக்கமும் நல்ல வழித்துணையும் உனக்கு எப்போதும் இருக்கட்டும், போகிற பாதை மேடு பள்ளமானாலும் உடம்பு நோகாமல் போய்ச் சேர்.

கையெழுத்துப் போடப் போகும்போது வாசலில் சத்தம் கேட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எழுந்து வந்துவிட்டார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வண்டிப் பக்கத்தில் தானாகவே குனிந்து நின்று, டயருக்கு மேலே விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாலு விரலும் போகிறது. சீக்கிரம் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும்
அம்மா