புரூஃபில் இல்லாத பெயர்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மூன்று வருடம் உன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்து, எல்லாருடைய தாளையும் வாசிக்கக் கேட்டுவிட்டு, என் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவன் நான். நீ ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது கேட்க நீயும் இல்லை.

நேற்று காலை தம்பி மகள் தன் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைக் கொண்டுவந்து கொடுத்தாள். உத்திரமேரூர் பஜாரில் அப்போதுதான் எடுத்த தாள். இன்னும் மஞ்சள் தடவவில்லை. மை வாசனை மட்டும். அந்த வாசனையில் எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஏனென்று உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நாம் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. நான் எம்.ஏ. வரை போய்த் தமிழ் வாத்தியார் ஆனேன். நீ கொத்தனார் ஆனாய், குடித்தாய், குடியை விட்டாய். பிறகு, விட நினைக்கிறவர்களைச் சேர்த்து மாதா கோயில் பக்கத்துக் கொட்டகையில் கூட்டம் நடத்தினாய். என் வீட்டுப் பின்சுவருக்குப் பூச்சு வேலைக்கு நீ வந்தபோதுதான் மறுபடி பேச ஆரம்பித்தோம். பேசினேன் என்பதைவிடப் புலம்பினேன். தலைமையாசிரியர் பதவியை என்னைவிட இளையவனுக்குக் கொடுத்தது, மச்சான் மரியாதை தராதது, எல்லாவற்றுக்கும் மேலே என் தம்பி. இதே மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையில் சொந்த அண்ணன் பெயரைப் போடாமல் விட்டவன். மூன்றாம் நாள் நீ பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தாய்.

"எனக்குக் குடி, உனக்குக் கோவம். காலையில எயுந்ததும் ரெண்டு பேருக்கும் அதான் வேணும். ஞாயித்துக்கெயம வாடா, வாத்தி."

மனதில் வைத்திருப்பவர்களின் பெயர்களை முதலில் எழுதச் சொன்னாய். பதினேழு பேர் வந்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "இன்னாடா இது, ஓட்டர் லிஸ்ட்டு மாதிரி கீது! இத்தினி பேர வச்சிக்கினு எப்படிடா உனக்குச் சோறு எறங்குது?"

அப்புறம் வாரத்துக்கு ஒருவர். அவரை நினைத்ததும் உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று பார்த்து அங்கே கையை வைக்க வேண்டும். எனக்குக் கழுத்தின் வலப்பக்கம். அந்த இடம் தளரும்வரை பேனாவைத் தொடக் கூடாது. தளர்ந்த பிறகு, அன்று அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுத வேண்டும். 'அவமானப்படுத்தினான்' என்று எழுதினேன். "அவமானம்லாம் கேமராவுல தெரியாதுடா. கையி காலு பண்ணத எய்து" என்றாய். கடைசியில், இதில் நான் என்ன செய்தேன் என்று மூன்று தரம் கேட்டு மூன்று பதில் எழுத வேண்டும். ஏன் மூன்று என்று கேட்டதற்கு, "மொத ரெண்டும் பொய்யாத்தான் வரும்" என்றாய்.

தம்பியை மட்டும் தள்ளிக்கொண்டே போனேன். பதினேழாவது வாரம் வேறு வழியில்லை. கேமரா பார்த்ததை எழுதினேன். தம்பி மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையின் புரூஃபைத் தருகிறான். "அண்ணே, தப்பு இருந்தா பாத்துக் குடு" என்கிறான். நான் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்துகிறேன். அழைப்பவர்கள் வரிசையில் என் பெயர் இல்லை. பேனா என் கையில் இருக்கிறது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுக்கிறேன்.

அவ்வளவுதான் நடந்தது. என் பெயரை நானே எழுதிக்கொள்வதா, அவனுக்கே தோன்றட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணன் பார்த்த தாளாயிற்றே என்று அவன் அப்படியே அச்சடித்தான். விழா அன்று பந்தியில் பெரிய மாமா, "பெரியப்பன் பேரு எங்கப்பா?" என்றார். "என்னை ஏன் கேக்கறீங்க? அவனைக் கேளுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு இலையிலிருந்து எழுந்து வந்தேன். ஒன்பது வருடம் பேசவில்லை. எல்லாம் தன் தவறு என்றே தம்பி நினைத்துக்கொண்டிருந்தான். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டவன் நான்.

அன்று கொட்டகையில் இதை எழுதிய தாளைப் பையில் திணித்துக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காக உன்னைக் கேட்டேன்: "உன் லிஸ்ட்டுல நான் இருந்தேனா?"

"இருந்த. ஒம்பதாவுதுல நோட்டு வாங்க உன் வூட்டாண்ட வந்தேன். தண்ணி கேட்டேன். உங்கம்மா சொம்ப ஒசரத் தூக்கி என் கையில ஊத்துனாங்க. நீ பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்த."

"இப்போ?"

"இப்ப இல்ல. அதுக்குன்னு மறந்துட்டேன்னு நெனச்சிக்காத."

இதைச் சொன்னதற்காக உன்மேல் ஒரு மாதம் கோபமாக இருந்தேன். பதினெட்டாவதாக உன் பெயரை எழுதினேன். பங்குனியில் சாரத்தில் நின்றபடியே நெஞ்சு வலிக்கிறது என்றாயாம். கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் நின்றேன். அந்தத் தண்ணீருக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

நீ கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு கேள்வி. "இந்தக் கோவம் போயிடுச்சின்னா உனக்கு இன்னாடா நஷ்டம்?"

நேற்று தாளைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். "உங்க பேரு இல்ல பெரியப்பா. அப்பா வேணும்னேதான் விட்டுட்டாரு. 'போட்டா ஏன் போட்டேன்னு கேப்பாரு, போடலன்னா ஏன் போடலன்னு கேப்பாரு. பேனாவை அவர் கையிலயே குடுத்துடு'ன்னாரு."

கழுத்தில் பிடித்தது. கையை வைத்தேன். "வலிக்குதா பெரியப்பா?" என்றாள். கேமராவில் ஒரு பெண், ஒரு தாள், ஒரு பேனா, கழுத்தில் கை வைத்த ஓர் ஆள். வேறு எதுவும் இல்லை. உன் கேள்விக்கு அங்கேதான் பதில் வந்தது. கோபம் போனால், இந்தக் குடும்பத்தில் தப்பே செய்யாதவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பும் போய்விடும். ஒன்பது வருடம் நான் பிழைத்தது அதை வைத்துத்தான்.

பெயரை எழுதினேன். அவளோடேயே அடுத்த வீட்டுக்கு நடந்தேன். மோட்டார் ரூம் பக்கம் நின்றுகொண்டிருந்த தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னையே பார்த்தான். "ஏண்ணே, ஒரு பேரு எய்த எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?" என்றான். உள்ளே போய்விட்டான். இன்று காலை வாசலில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கோபம் நியாயமானது. அது ஆறும்வரை நான்தான் காத்திருக்க வேண்டும்.

பதினெட்டுப் பேரில் இன்னும் ஐந்தாறு பேர்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. மூன்றாவது பதில் வரும்வரை யாரிடமும் வாய் திறப்பதில்லை. நீ கொடுத்ததில் இவ்வளவுதான் என்னிடம் தங்கியிருக்கிறது.

இந்தத் தாள் கொட்டகைக்குச் சேர வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுபோய் வைத்தால், வாத்தியார் கடைசியில் எழுதிட்டாரே என்று நாலு பேர் தோளில் தட்டுவார்கள். அந்தத் தட்டல் எனக்கு வேண்டும்போல்தான் இருக்கிறது. அதனால்தான் பெயர் எழுதாமல் தபாலில் போடுகிறேன்.