கட்டிலுக்கு அடியில் போன குழாய்

அம்மா,

இன்று காலை உன் அறையின் தரையை உடைத்தார்கள். கட்டில் கிடந்த இடத்தில் சிமெண்டைப் பெயர்த்ததும் கறுத்த ஈரமண் தெரிந்தது. கூடவே அந்த வாடை. வேலையாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். நான் நகரவில்லை. எனக்குத் தெரிந்த வாடைதான் அது. நீ படுக்கையில் கிடந்த காலம் முழுக்க, உன்னுடையது என்று நாம் நம்பியிருந்த வாடை.

"கக்கூஸ் தண்ணி போற பழைய மண்குழாய்க்கா. இதுக்கு மேலயே ரூமைக் கட்டிருக்கீங்க. விரிசல் விட்டு ரொம்ப காலமா உள்ளுக்குள்ளயே கசிஞ்சிருக்கு" என்றார் பிளம்பர்.

கக்கூஸ் பக்கம் நாற்றமே இருந்ததில்லை. உன் கட்டிலருகே மட்டும்தான் அடித்தது. அதனால் சாக்கடை என்று யாருக்கும் தோன்றவில்லை. "வாடை வருதாடி?" என்று தினமும் கேட்பாய். "ஒண்ணும் இல்லம்மா" என்பேன். பார்க்க வந்த சித்தியும் முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் மூக்கை மூடிக்கொண்டு அதையேதான் சொன்னாள். படுத்திருப்பவர் முகத்துக்கு நேராக நாறுகிறது என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லையே. யாராவது ஒருவர் ஆமாம் என்றிருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடியிருப்போம்.

நீயும் முதலில் சிரித்தாய். "ஒஞ் சித்தி பவுடர் டப்பாவையே கவுத்துக்கிட்டு வந்திருக்கா, எனக்குப் பயந்து." பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. திரும்பத் திரும்பத் துடைத்துவிடச் சொன்னாய். தோல் சிவந்த பிறகும், "இன்னுஞ் செத்த நேரம் தேயிடி" என்றாய். மாதத்தின் முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு ஆண்டவரின் உடலாக நற்கருணை அப்பம் கொண்டுவரும் பங்குச் சாமியை வர வேண்டாம் என்றாய். "ஆண்டவர இந்த நாத்தத்துக்குள்ளயா கொண்டாரச் சொல்ற?" எவ்வளவு கெஞ்சியும் நீ இறங்கி வரவில்லை. உனக்கு நினைவு தப்பிய பிறகுதான் அவர் வந்தார். உன்னால் விழுங்க முடியவில்லை. நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார்.

நீ போன பிறகும் வாடை போகவில்லை. மெத்தையில் இறங்கிவிட்டது என்று மெத்தையை எரித்தோம்.

மதியம் பிளம்பரும் நானும் குழாயை மாற்ற மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். வீட்டு வரி இன்னும் உன் பெயரில் இருப்பதால் உன் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் சேர்க்க வேண்டும். தெருவை வெட்டுவதற்குத் தனி அனுமதி. குழாய் போகும் பாதையையும் வரைந்து காட்ட வேண்டும். அளவுகோல் வைத்து வீட்டை வரைந்தேன். உன் அறைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, உடைந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டேன். உன் தலைமாடு அது.

பழுது எப்போதிலிருந்து என்று ஒரு கேள்வி இருந்தது.

"போன மாசம்னு போடுங்கக்கா. பழசுன்னா, இம்புட்டு நாளு என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க. அலைய விட்ருவாங்க. அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக் கக்கூஸ்தான் ஒங்களுக்கு."

"கேக்கட்டும்ணே."

என் தாயார் உயிரோடு படுத்திருந்த காலந்தொட்டு, அவர் கட்டிலுக்கு அடியில் உடைந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிளம்பர் வாசித்தார். "இம்புட்டு எழுத வேணாமேக்கா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாள்களை ஒழுங்காக அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

குழி திறந்தே கிடக்கிறது. கட்டில் இல்லாத அறையின் வாசலில் நிற்கிறேன். பஸ்ஸில் போகும்போதும் துணி மடிக்கும்போதும் காதில் விழுகிற உன் கேள்வி இப்போதும் விழுகிறது.

வருதும்மா. ஒம்மேல இல்ல.