கறுப்புக் கல் கிடக்கும் இடம்

2-11-2011, புதன்

இன்று கல்லறைத் திருநாள். சவுதியிலிருந்து வந்த அண்ணன் மகன் தன் அப்பாவுக்குக் கறுப்புக் கிரானைட் போட்டிருக்கிறான். அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

போன வாரம் கல் வைக்க இடம் காட்டியது நான்தான். மதில் கட்டியபோது மரச் சிலுவைகளை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். பெரிய கற்சிலுவையிலிருந்து காலை எட்டி வைத்துப் பதினெட்டு எட்டு என்று, அண்ணனை அடக்கிய அன்றே மனதில் குறித்திருந்தேன். பூமியை அளக்க வந்தவன் போல நடந்துபோய் நின்றேன்.

“ஒறப்பா இதுதானா சித்தப்பா?”

“ஏலே மக்கா, கடைசி நாளைக்கு உசிர்த்து வாறவனெல்லாம் எங்கிட்ட வழி கேட்டுட்டுதான் போவான்.”

இன்று மாலை பக்கத்துத் தெரு லீலா மெழுகுவர்த்தியோடு வந்து அந்தக் கல்லின் முன் திகைத்து நின்றாள்.

“அண்ணே, இது எங்க வீட்டு ஆளு கெடக்க எடமில்லா?”

அப்போதுதான் உறைத்தது. அண்ணன் செத்தபோது எனக்கு முழங்கால் வலி கிடையாது. இன்றைய பதினெட்டு எட்டு அன்றைய பதினைந்துகூட வராது. அண்ணன் அடுத்த மேட்டில் கிடக்கிறான்.

பையன் கல்லில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தான்.

“இல்லட்டீ, உன் ஆளு அடுத்த மேடு” என்றேன்.

அவள் நம்பினாள். அங்கே மண்டியிட்டு ஜெபமாலை முழுவதும் சொன்னாள்.

பையன் சனிக்கிழமை விமானம் ஏறுகிறான். அதற்குள் சொல்ல வேண்டும். சொன்னால் கல்லைப் பெயர்க்க வேண்டும், அவன் முகத்தையும் பார்க்க வேண்டும். இன்று அதற்குத் தெம்பில்லை.

லீலா எழுந்திருக்கவே இல்லை. அண்ணனுக்கு வாங்கிய மெழுகுவர்த்தியை அவள் முன்னால் அந்த மேட்டில் வைக்க முடியாமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.